நல்லரத்தினம் பெத்தாங்குடியை விட்ட வரலாறு

நல்லரத்தினம் சிகரெட்டை விட்டுப் பதினோராவது நாள், அகிலத் தமிழ் அதை விடுவோர் பேரவை அவருடைய பெயருக்கு நேரே ஒரு சிவப்பு வட்டம் வைத்தது.

அந்தப் பதினொரு நாளும் அவர் சிகரெட்டைத் தொடவில்லை. ஒரேயொரு முறை கனவில் பற்றவைத்தார். அதையும் விடிந்ததும் வட்ஸ்அப் குழுவில் நேர்மையாக எழுதி, கனவு உபகுழுவின் மன்னிப்பைப் பெற்றுவிட்டார். பிறகும் ஏன் சிவப்பு? அவருக்கு விளங்கவில்லை. வட்டத்தைத் துடைத்தும் பார்த்தார். போன் கண்ணாடிதான் பளபளத்தது.

ஐம்பத்தாறு வயது மனிதர். வாவிக்கரையில் தோணி எஞ்சின்களும் வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்புகளும் பழுதுபார்க்கிறவர். முப்பத்தாறு வருடம் புகைத்தவர். இதற்கு முன்பு நான்கு தரம் சிகரெட்டை விட்டிருக்கிறார், ஆகையால் விடுவதில் அவருக்கு நல்ல அனுபவம் இருந்தது. நான்கு தரமும் பெண்சாதி கண்ணகையின் தலையிலும் மகள் நிருஷாவின் தலையிலும் கைவைத்துச் சத்தியம் செய்தார். நான்கு தரமும் எஞ்சின் பிளக் பெட்டிக்குள்ளிருந்து சிகரெட் பக்கெட் பிடிபட்டது.

நிருஷா வந்தாறுமூலை வளாக நூலகத்தில் வேலை செய்கிறவள். எதையும் பதிவேட்டில் கண்டால் ஒழிய நம்பமாட்டாள். அவளுக்குப் பெண்பிள்ளை பிறந்த அன்று, ஆஸ்பத்திரிக் கட்டிலடியில் நல்லரத்தினம் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு போய் நின்றார். அவள் பிள்ளையைத் தன்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"முதல்ல அதை விடுங்க அப்பா. வாயில இருந்து வாற புகை மட்டுமில்ல. உடுப்பில, தலைமயிரில ஒட்டியிருக்கிற புகையும் புள்ளைக்குக் கூடாது. மூண்டாங்கைப் புகை எண்டு அதுக்குப் பேர்."

"எனக்கு ரெண்டு கைதானே மகள் இருக்கு?"

"பகிடி விடாதீங்க. சத்தியமும் வேணாம். இணையத்தில ஒரு பேரவை இருக்கு, உங்களச் சேர்த்துவிட்டிருக்கன். ஒவ்வொரு நாளும் பச்சை வட்டம் போடுவாங்க. முப்பது பச்சை ஒண்டாச் சேரட்டும். மறுகா நானே கொண்டுவந்து உங்கட கையில தாறன்."

நல்லரத்தினம் அன்று பின்னேரமே சிகரெட்டை விட்டார். இந்த முறை பிளக் பெட்டிக்குள் பிளக் மட்டுமே இருந்தது. அவருடைய சரித்திரத்தில் இது முதல்தடவை.

ஊர் வழக்கப்படி வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தாகிவிட்டது. ஆகவே தன் கையால் கல்லடுக்கிக் கட்டிய வீட்டில் அவர் இப்போது சட்டப்படி ஒரு விருந்தாளி. மருமகனுக்குக் கட்டாரில் வேலை. உள்ளறையில் மகளும் பேத்தியும். முன் விறாந்தையில் அவரும் ஒரு பிளாஸ்ரிக் கதிரையும். இரண்டுக்கும் நடுவில் பத்தடி தூரமும் பூப்போட்ட ஒரு திரையும். காற்று அடித்தால் திரை விலகும், தொட்டிலுக்குள்ளிருந்து ஒரு சின்னப் பாதம் தெரியும். காற்று நின்றால் பாதம் போய்விடும். வாவிக்காற்று எப்போது எழும்பும் என்பதை மீன்பிடிகாரரைவிட அவர் துல்லியமாகச் சொல்லத் தொடங்கினார்.

பேரவையைப் பற்றிச் சொல்லவேண்டும். அதன் விதிநூல் அறுபத்துநான்கு பக்கம். ஒன்பதாம் விதி தூண்டற் சொற்களைப் பற்றியது. சொல்லைக் கேட்டால் ஆசை வரும், ஆகவே சொல்லவே கூடாது. சிகரெட், பீடி, சுருட்டு, நெருப்புப்பெட்டி எல்லாம் பேரவை தொடங்கிய வாரமே தடை. சாராயம், கள்ளு, பியர், மது என்பனவும் தடை. அவை முன்னால் வந்தால் இவை பின்னால் வரும் என்று ஓர் ஆய்வு சொல்கிறதாம். போன ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் 'புகை' என்ற சொல்லையே தடைசெய்தார்கள். அன்றிலிருந்து புகைப்படம் வெறும் படம். புகையிரதம் வெறும் இரதம். வவுனியாவில் ஓர் உறுப்பினர் 'நாளை இரதத்தில் கொழும்பு செல்கிறேன்' என்று எழுத, 'எந்தக் கோயில் திருவிழா?' என்று பதினேழு பேர் விசாரித்தார்கள். கடைசியில், 'புகைவிடுவோர் பேரவை' என்ற தங்கள் பெயரிலேயே அந்தச் சொல் குந்தியிருப்பதை ஒருவர் கண்டுபிடித்தார். மூன்று இரவு வாக்குவாதத்துக்குப் பிறகு அது 'அதை விடுவோர் பேரவை' ஆனது. எதை என்று கேட்பது பத்தாம் விதிப்படி குற்றம்.

விடியற்காலை ஐந்தரைக்கு உறுப்பினர் உதட்டைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். ஆறு மணிக்கு இருபது விநாடி மூச்சுச் சத்தம் பதிவுசெய்து அனுப்ப வேண்டும். இருமல் வந்தால் விளக்கக் கடிதம். குழுவில் பேசியதை வீட்டில் பேசக்கூடாது. வீட்டாருக்குத் தெரிவது வட்டத்தின் நிறம் மட்டும். நல்லரத்தினம் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். அவருடைய உதட்டை முப்பத்தாறு வருடத்தில் இத்தனை பேர் இவ்வளவு அக்கறையாகப் பார்த்ததில்லை.

பிழை நடந்தது படிவத்தில். சேருகிறபோது நிரப்பிய படிவத்தின் பதினான்காம் கேள்வி ஒரே சொல்: 'குடி?'

மட்டக்களப்பில் பிறந்த ஒருவனிடம் குடி என்ன என்று கேட்டால் அவன் போத்தலை நினைக்கமாட்டான், அம்மாவை நினைப்பான். தாய்வழியாக வருகிற குலத்துக்கு அங்கே குடி என்று பெயர். கோயில் திருவிழா குடிவாரியாகப் பங்கு. கலியாணம் பேசப்போனால் முதல் கேள்வி குடி. ஒரே குடிக்குள் பெண்ணெடுத்தால் தங்கையை எடுத்த மாதிரி. சிகரெட்டை விடுவதற்கு இவர்களுக்கு எதற்குக் குடி என்று நல்லரத்தினம் ஒரு கணம் யோசித்தார்தான். ஆனால் பெரிய இடம், எல்லாம் விசாரித்துத்தான் சேர்ப்பார்கள் போலும் என்று நினைத்து, மரியாதையாக 'பெத்தாங்குடி' என்று எழுதினார்.

பதினைந்தாம் கேள்வி: 'எவ்வளவு காலமாக?' பிறந்ததிலிருந்து. பதினாறு: 'குடும்பத்தில் வேறு யாருக்கும் உண்டா?' அம்மா, அம்மம்மா, மாமன்மார் மூவர். பதினேழு: 'தினமுமா, விசேட நாட்களிலா?' விசேடமாகத் திருவிழாவில்.

பதினோராம் நாள் சூமில் அவரை விசாரணைக்கு அழைத்தார்கள். திரையில் இரண்டு முகம். ஒருவர் தலைவர் ஜெயந்தன், யாழ்ப்பாணத்தில் பிறந்து ரொறன்ரோவில் ஓய்வுபெற்றவர். கழுத்தில் பேரவைப் பதக்கம். மற்றவர் பதிவாளர் டினோஷா, கொழும்பு, கையில் பேனை.

"ஐயா, நீங்கள் பதினாலாம் கேள்விக்கு எழுதினது உண்மையோ?" என்றார் தலைவர்.

"ஓம் ஐயா. பெத்தாங்குடி."

"இந்தப் பேரை நான் கேள்விப்படேல்லை. உங்கட ஊருக்குள்ள மட்டுமோ?"

"ஊருக்க கனக்க இருக்கு ஐயா. ஆதியில கடல் தாண்டி வந்ததெண்டும் சொல்லுவாங்க."

'இறக்குமதி' என்று டினோஷா எழுதிக்கொண்டார்.

"எந்த வயதில தொடங்கினது?"

"தொடங்குறதென்ன ஐயா? பிறக்கக்குள்ளயே பெத்தாங்குடிதானே."

"பிறக்கேக்கையோ!"

"தாயால வாறதுதானே. தகப்பன்ட குடி புள்ளைக்கு வராது."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா இப்பவும்...?"

"அம்மா மோசம் போயிற்றா ஐயா. கடைசிமட்டும் பெத்தாங்குடிதான்."

பேரவை ஒரு நிமிடம் மௌனம் காத்தது. நல்லரத்தினமும் அம்மாவை நினைத்துத் தலைகுனிந்தார். இந்தக் காலத்தில் இப்படி மரியாதை தெரிந்த மனிதர்களா என்று அவருக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

"வீட்டில மனிசி?"

"அவ வேற குடி. காலிங்காகுடி. ஒரே குடிக்குள்ள முடிக்க ஏலாதே."

"ஆளுக்கொரு குடி," என்றார் டினோஷா, எழுதியபடி. "பிள்ளைகள்?"

"புள்ளையள் தாயின்ட குடி."

"கோயில் திருவிழா எண்டு எழுதியிருக்கிறியள். கோயிலுக்குள்ளேயோ?"

"கோயிலுக்குள்ளதான் ஐயா. ஏழாம் நாள் எங்கட குடிக்குரியது. கோயிலைப் பார்க்கிற வண்ணக்கரே முன்னுக்கு நிண்டு நடத்துவார்."

தலைவர் கமெராவுக்குக் கிட்டக் குனிந்தார். பிறகு மெதுவாக, நோயாளியிடம் கேட்பதுபோலக் கேட்டார்: "ஐயா, உங்களுக்கு இந்தக் குடியை விடவேணும் எண்டு ஒருநாளாவது தோன்றேல்லையோ?"

நல்லரத்தினம் திகைத்துப்போனார். "குடியை எப்பிடி ஐயா விடுற? செத்தாலும் மாறாதே."

தீர்ப்பைத் தலைவர் எழுந்து நின்று வாசித்தார். "அன்பானவர்களே, நான் என் வாழ்நாளில் அதை ஒருதரமும் தொட்டதில்லை. தொட்டவனைத் தலைவனாக்கினால் எப்படி நம்புவது என்றுதான் பன்னிரண்டு ஆண்டாக என்னையே தெரிவுசெய்கிறார்கள். போட்டியிட முன்வந்த மூவரையும் பழைய பழக்கம் காரணமாக நானே நிராகரித்தேன். அந்த அனுபவத்தோடு சொல்கிறேன்: ஒன்றை விட்டு மற்றதை வைத்திருப்பவர் எதையும் விட்டவர் அல்லர். இவருடைய எண்ணிக்கை இன்றிலிருந்து பூச்சியம். குடியையும் விடும்வரை இவர் இரட்டை விடுவோர் பிரிவில் இருப்பார்."

அன்று பின்னேரம் நிருஷா திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். கையில் போன். போனில் சிவப்பு.

"என்னப்பா இது?"

"நான் சிகரெட் பத்தல்ல மகள். அம்மாளாச்சி அறிய."

"அப்ப என்ன கேட்டாங்க?"

குழுவில் பேசியதை வீட்டில் பேசக்கூடாது என்ற விதி அவருக்கு நினைவுக்கு வந்தது. "குடியைப் பத்தி விசாரிச்சாங்க," என்று மட்டும் சொன்னார்.

"விசாரிச்சா உண்மையச் சொல்ல வேண்டியதுதானே?"

"உண்மையத்தான் மகள் சொன்னன்."

"உண்மையச் சொன்னா ஏன் சிவப்பு வருது?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். திரை நேராக நின்றது. அன்று காற்றே இல்லை.

மூன்றாம் நாள் டினோஷா கண்ணகையைத் தொலைபேசியில் அழைத்தார். குடும்ப விசாரணை, பதினெட்டாம் விதி. கண்ணகை தேங்காய் துருவிக்கொண்டே போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, உங்கட கணவர் பெத்தாங்குடி என்று சொல்றார். உங்களுக்கு அதனால கஷ்டம் இருக்கா?"

"அதுக்கென்ன கா கஷ்டம்? தெரிஞ்சுதானே முடிச்சன். எங்கட அம்மாதான் பார்த்துப் பேசினவ."

"தெரிஞ்சே முடிச்சீங்களா? அப்ப நீங்களும்..."

"நான் காலிங்காகுடி. எங்கட குடிக்கு அவங்கட குடி கிட்டவும் வராது. ஆனா அதை அவருக்கு முன்னால நான் சொல்றல்ல. மனிசன் கவலைப்படும்."

டினோஷா அழுதுவிட்டார் என்று பிறகு குழுவில் எழுதினார்கள். மனைவியின் பழக்கம் கணவனுடையதைவிட மோசம் என்றும், வீட்டுச் சூழல் 'அதி அபாயம்' என்றும் அறிக்கை வந்தது. அன்றும் சிவப்பு.

கண்ணகை கோபமாகச் சொன்னாள்: "ஆர் இவங்க? குடியை நோண்டுறானுகள். சிகரெட்டை விடச் சொன்னா விடச் சொல்லட்டும். குடியை விடச் சொல்ல இவங்க ஆரு?"

"பெரிய ஆக்கள் புள்ள. பதக்கம் எல்லாம் போட்டிருக்காங்க."

பத்தொன்பதாம் நாள், அவருடைய உதட்டுப் படத்தின் மூலையில் மெல்லிய வெண்மேகம் ஒன்று தெரிவதாகப் பட உபகுழு கண்டுபிடித்தது. பக்கத்து வளவில் மாட்டுக்கு நுளம்பு கடிக்காமல் வேப்பிலைப் புகை போட்டிருந்தார்கள். 'அது மாட்டுக்குப் போட்ட அது' என்று நல்லரத்தினம் விளக்கம் எழுதினார். புகை என்று எழுத விதி இல்லை. மாட்டின் படத்தை அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினார். மாட்டின் உதட்டை அருகில் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். அதற்குள் மாடு வட்டைக்கு, அதாவது வயற்காட்டுக்கு, மேயப் போய்விட்டது. சேற்று வரம்பில் அதைத் துரத்திக்கொண்டு நல்லரத்தினம் ஒரு மைல் ஓடினார். படம் நல்ல தெளிவாக வந்தது. மாடு வெற்றிலை மென்றதுபோல எதையோ மென்றுகொண்டிருந்தது. சந்தேகத்துக்குரியது என்று சிவப்பு வைத்தார்கள்.

இருபத்தேழாம் நாள் காலை ஒன்பது பத்துக்கு அவர் குழுவிலிருந்து விலகினார். வட்ஸ்அப்பில் அது ஒரு விரல் வேலை. ஒன்பது பதினான்குக்கு மறுபடியும் சேர்க்கப்பட்டார். கீழே முப்பத்தோராம் விதி ஒட்டப்பட்டிருந்தது: 'பேரவையை விடுவது அதை விடாமைக்குச் சமம். விலக விரும்புவோர் தொண்ணூறு பச்சை வட்டங்களுடன் விலகல் உபகுழுவுக்கு விண்ணப்பிக்கவும். விலகல் உபகுழுவில் தற்போது ஆள் இல்லை. இருந்த இருவரும் விலகிவிட்டனர்.' அதன் கீழே நானூறு பேர் 'தனியாக இல்லை நீங்கள்' என்று எழுதியிருந்தார்கள். அதுதான் அவருக்கும் கவலை.

அன்றைக்கு அவர் மீராசாஹிப் காக்காவின் தேத்தண்ணிக் கடைக்கு நடந்தார். பலகை வாங்கில் குந்தினார். விரலொன்றைக் காட்டினார். முப்பத்தாறு வருடப் பழக்கத்தில் அந்த விரலுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. காக்கா சிகரெட்டை எடுத்து மேசையில் வைத்தார். லைட்டரைக் கொடுக்கவில்லை.

"எத்தின நாள் நல்லரெத்தினம், விட்டு?"

"இருபத்தேழு, காக்கா."

"பேரவையில?"

"பூச்சியம்."

"ஆர்ட கணக்குச் சரி?"

"மகள் அவங்கட கணக்கைத்தான் பார்க்கிறாள்." நல்லரத்தினம் சிகரெட்டை உருட்டினார். "குடியை விடட்டாம் காக்கா. விட்டாத்தான் பச்சையாம்."

மீராசாஹிப் தேநீர் ஆற்றுவதை நிறுத்தினார். "குடியையா? அல்லாஹ்வே! எங்கட ஆக்களுக்கும் குடி இரிக்கி. பள்ளிவாசலைப் பார்க்கிற மரைக்கார் குடிக்கொராள் எண்டுதான் அந்தக் காலத்தில. இதுவரைக்கும் ஒருத்தன் குடியை விட்டெண்டு நான் கேள்விப்படல்ல. விட்டா மறுகா எந்தக் குடியில சேருற? ஆர் சேர்ப்பான்?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறன்."

"பேரவைதான் இனி உங்கட குடி போல. பிறந்தா வெளியேற ஏலாது."

நல்லரத்தினம் சிகரெட்டை உதட்டில் வைத்தார். அடித்தாலும் சிவப்பு, அடிக்காவிட்டாலும் சிவப்பு. இவ்வளவு நியாயமான ஒரு சிகரெட் அவருடைய வாழ்நாளில் வந்ததில்லை. பக்கத்து வாங்கில் இருந்தவன் லைட்டரை நீட்டினான். சுடர் எழும்பியது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், சுடர் அவன் விரலைச் சுடும்வரை.

"என்ன, பத்தல்லயா அண்ணன்?"

"அவங்களுக்குத் தெரியாது," என்றார் நல்லரத்தினம். "புள்ளைக்கு மணக்கும்."

சிகரெட்டை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். போய் மூன்று தரம் சவர்க்காரம் போட்டு உதட்டைக் கழுவினார். மறுநாள் படத்தில் உதடு சிவந்திருந்ததற்குத் தனியாக விளக்கக் கடிதம் எழுதவேண்டியதாயிற்று.

முப்பத்தாறாம் நாள் தலைவரிடமிருந்து நேரடியாகவே ஒரு செய்தி வந்தது. பேரவையின் ஆண்டறிக்கையில் ஒரு வரைபடம் உண்டு. வெற்றி கண்ட ஊர்களுக்கெல்லாம் பச்சைப் புள்ளி. இலங்கையின் கிழக்குப் பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது, பார்க்க அழகில்லை. ஆகவே ஒரு விசேட ஏற்பாடு. வருகிற சனிக்கிழமை பின்னேரம் எல்லா உறுப்பினருக்கும் முன்னால் அவர் சாட்சியம் சொன்னால், முப்பது பச்சையும் ஒரேயடியாக வழங்கப்படும். வசனமும் பேரவையே எழுதித் தந்திருந்தது. 'நான் பெத்தாங்குடியை விட்டுவிட்டேன்.' மூன்றே சொல்.

வெள்ளிக்கிழமை முழுக்க ஒரு பம்பைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினார். பம்பில் பிழை இல்லை. அம்மா உயிரோடு இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பா? வண்ணக்கருக்குத் தெரிந்தால் ஏழாம் திருவிழாவில் அவருக்கு எங்கே இடம்? செத்தால் எந்தக் குடியென்று சொல்லித் தூக்குவார்கள்? இதெல்லாம் ஒரு பக்கம். மறுபக்கம், அன்று காலை காற்றடித்தபோது பாதம் வெளியே வரவில்லை, காலுறை போட்டிருந்தார்கள். முப்பத்தெட்டு நாளில் பாதம் வளர்ந்திருக்குமா இல்லையா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் முன் விறாந்தையில் கதிரையைப் போட்டு, ஸ்டூலில் போனைச் சாய்த்துவைத்து, கலியாணத்துக்குப் போகிற சேட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணகை கதவுநிலையில் சாய்ந்து நின்றாள். சாட்சியத்தை மட்டும் வீட்டார் பார்க்கலாம் என்று இருபத்திரண்டாம் விதி இருந்தபடியால், உள்ளறையில் நிருஷா தன் போனில் இணைந்திருந்தாள்.

தலைவர் நாற்பது நிமிடம் பேசினார். அதில் முப்பது நிமிடம் பேரவை எப்படித் தொடங்கியது என்பது. மிச்சத்தில் இப்படிச் சொன்னார்: "கிழக்கின் நிலையை நினைத்தால் எனக்கு நித்திரை வருகுதில்லை. அங்கே குடி தாயிடமிருந்து பிள்ளைக்கு வருகிறது. பெண்பார்க்கப் போனால் என்ன குடி என்று கேட்டுத்தான் உள்ளேயே விடுகிறார்கள். கோயிலில் நாளுக்கொரு குடி! இதையெல்லாம் அங்கே இதுவரை யாருமே பார்க்கவில்லை. பார்ப்பதற்கு ரொறன்ரோவில் இருந்து ஒருவன் வேண்டியிருந்தது. அன்பர் நல்லரத்தினம், சொல்லுங்கோ."

நல்லரத்தினம் எழுந்து நின்றார். உட்கார்ந்துகொண்டு சொல்லக்கூடிய வார்த்தையாக அது அவருக்குப் படவில்லை.

"நான்..." என்றார். "நான் பெத்தாங்குடியை விட்டிட்டன்."

"அட பாவி மனிசா!" என்றாள் கண்ணகை. வாயைப் பொத்திக்கொண்டாள்.

போன் திரை முழுவதும் கைதட்டல் படங்கள் கொட்டின. அவருடைய பெயருக்குக் கீழே முப்பது பச்சை வட்டங்கள் நெல்நாற்றுப்போல ஒன்றன்பின் ஒன்றாக முளைத்தன.

"அருமை! இப்ப உங்களுக்கு எப்பிடி இருக்குது?"

"ஆரும் இல்லாத மாதிரி இருக்கு ஐயா," என்றார் நல்லரத்தினம். கண்ணீர் மீசையில் இறங்கியது.

"முதல்நாளில் எல்லாருக்கும் அப்பிடித்தான்," என்றார் தலைவர், திருப்தியாக.

பூப்போட்ட திரையைப் பிய்த்துவிடுவதுபோல விலக்கிக்கொண்டு நிருஷா வந்தாள். தோளில் சாய்த்த பிள்ளை, கையில் போன் இல்லை.

"அப்பா! அவங்க கேட்டது குடிக்கிற குடி!"

"என்ன மகள்?"

"சாராயம் அப்பா, சாராயம்! நீங்க சாராயம் குடிக்கிற எண்டு நினைச்சுத்தான் சிவப்பு வச்சிருக்காங்க!"

"தூண்டற் சொல்!" என்று போனுக்குள்ளிருந்து டினோஷா கத்தினார். "மூன்று முறை!"

நல்லரத்தினம் மகளைப் பார்த்தார். போன் திரையைப் பார்த்தார். முப்பத்தொன்பது நாளும் மெல்ல மெல்ல ஒவ்வொன்றாகத் திரும்பிவந்து அவருக்கு முன்னால் வரிசையில் நின்றன.

"நான் அதை வாயில வச்சதே இல்லையே."

"தெரியுமே! ஒரு கோடைக்கு இருமல் மருந்து குடிச்சே தலைசுத்தி விழுந்த ஆள் நீங்க. அப்ப இப்ப எதைப்பா விட்டீங்க?"

அவர் யோசித்தார். சேட்டுக் கையால் மீசையைத் துடைத்தார்.

"அம்மாவ," என்றார். "புள்ளையத் தூக்கத்தான் மகள்."

போனில் வரிசையாகப் பச்சை எரிந்துகொண்டிருந்தது. நிருஷா அந்தப் பக்கம் திரும்பவில்லை. கிட்டே வந்து அவருடைய கழுத்தடியில் மூக்கை வைத்து ஒருதரம் மணந்து பார்த்தாள். சவர்க்காரமும் எஞ்சின் ஒயிலும். பிறகு பிள்ளையை அவருடைய நீட்டிய கைகளுக்குள் வைத்தாள்.

"தலையைப் பிடிங்க. தலையைப் பிடிங்க அப்பா. எஞ்சின் இல்ல அது."

எஞ்சினைவிட லேசாகத்தான் இருந்தது. ஆனால் எந்த எஞ்சினையும் அவர் இவ்வளவு கவனமாகத் தூக்கியதில்லை. மெதுவாகக் கதிரையில் இறங்கினார். பிள்ளை ஒரு கண்ணை மட்டும் திறந்து, இது யார் என்று பார்த்து, பரவாயில்லை என்று மூடிக்கொண்டது.

"அன்பர்களே, குடும்பம் ஒன்றுசேர்கிற காட்சி!" என்றார் தலைவர். "பேரவையின் சாதனை! பதிவாளர், ஆண்டறிக்கைக்கு ஒரு படம் எடுங்கோ. அம்மா, அந்தப் பிள்ளை..." பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார்: "அந்தப் பிள்ளைக்கும் குடி உண்டோ?"

"உண்டோவா?" கண்ணகை கதவுநிலையை விட்டு முன்னே வந்தாள். சிரித்துச் சிரித்து அவளுக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் இந்தக் கேள்விக்கு இளகக்கூடாது என்று நிமிர்ந்து நின்றாள். "பிறந்த நாளிலிருந்து காலிங்காகுடி. தாய், அம்மம்மா எல்லாரும் காலிங்காகுடி. எழுதிக்கொள்ளுங்க."

டினோஷா எழுதிக்கொண்டார். நல்லரத்தினத்தின் பெயருக்குக் கீழே முப்பது பச்சையும் ஒவ்வொன்றாகச் சிவந்தன. அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி வந்தது: 'புதிய உறுப்பினர் சேர்க்கப்பட்டுள்ளார். வயது: முப்பத்தொன்பது நாள். நாளை காலை ஐந்தரைக்கு உதட்டுப் படம் அனுப்பவும்.'

"அப்பா, அதை நிப்பாட்டுங்க முதல்ல," என்றாள் நிருஷா, கண்ணைத் துடைத்துக்கொண்டே தேத்தண்ணி போட உள்ளே போகையில். கண்ணகையும் சிரிப்புத் தாங்காமல் பின்னால் போய்விட்டாள்.

தலைவர் மறுபடியும் பேசத் தொடங்கியிருந்தார். கிழக்கிற்கு ஒரு தனி உபகுழு, பிறந்த பிள்ளைகளுக்கு ஒரு பிரிவு, அதற்கொரு விதிநூல். நானூறு பேர் கைதட்டினார்கள். நல்லரத்தினம் போனைப் பார்த்தார். கைக்கெட்டுகிற தூரம்தான். வெளியேறுவதற்கு ஒரு விரல் போதும்.

அவருடைய பத்து விரலும் பிள்ளைக்குக் கீழே இருந்தன.

"பேசுங்க ஐயா," என்றார் நல்லரத்தினம், மெல்லிய குரலில். "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. புள்ள நித்திர."